யாரும் உட்கார்ந்து பார்க்காத ஸ்டூல்

கிச்சன் வேலைக்குப் போகிற உங்களில் யாராவது கஸ்டமர் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறீர்களா? கையைத் தூக்க வேண்டாம், பதில் எனக்குத் தெரியும். வேலைக்குப் போன வீட்டில் நாம் நிற்போம். டீ கொடுத்தால் பின்பக்கம் போய் நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்போம். புது நாற்காலி வந்து இறங்கினால் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க மாட்டோம். புது வீட்டில் பால் காய்ச்சுகிற அன்றைக்கு வீட்டுக்காரர் பிரிக்கட்டும் என்று விட்டுவிடுவோம். அதுதான் மரியாதை என்று எனக்கும் சொல்லியிருந்தார்கள். பதினொரு வருஷம் அந்த மரியாதையைக் கட்டிக் காப்பாற்றினேன். கடைசியில் அது ஒரு டீச்சரைத் தரையில் தள்ளியது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை, ஆனாலும் சொல்லிவிட வேண்டும்.

நான் நாகர்கோவில்காரன். திருவனந்தபுரத்தில் கிச்சன் வேலை செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அளவெடுப்பது, படம் போடுவது, ஆசாரிகளை மேய்ப்பது, கஸ்டமரிடம் திட்டு வாங்குவது எல்லாம் என் பாடு. தொண்ணூறுகளின் பிற்பாதியில், கல்ஃப் பணம் வந்த வீடுகளில் எல்லாம் ஒரு ஐலண்ட் கேட்க ஆரம்பித்தார்கள். சமையலறை நடுவில், சுவரில் ஒட்டாமல், நாலு பக்கமும் சுற்றி வரலாம் என்கிற மாதிரி ஒரு மேடை. மேலே கிரானைட், கீழே டிராயர், ஒரு பக்கம் உயரமான ஸ்டூல்கள். ஏதாவது பத்திரிகையில் வந்த படத்தைக் கிழித்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள். நான் செய்து கொடுப்பேன். நல்ல பெயர் இருந்தது எனக்கு. அந்தப் பெயர் தலைக்கு ஏறியும் இருந்தது.

அந்த வீடு வட்டியூர்க்காவுப் பக்கம். வீட்டுக்காரர் பேங்கில் அதிகாரி. அவர் மனைவி ஸ்கூலில் கணக்கு டீச்சர். அதுவரைக்கும் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத் தெருவில் பழைய வீட்டில் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டீச்சர் ஸ்கூட்டரில் போகும்போது பஸ் இடித்து வலது கால் நொறுங்கிவிட்டது. கம்பி வைத்துத் தைத்தார்கள். நடக்கலாம், கைத்தடியோடு. ஆனால் முழங்கால் மடங்காது. பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவும் முடியாது. பழைய வீட்டுச் சமையலறையில் ஒரு படி இறங்க வேண்டும், அதனால் அவரை ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். சமையலுக்கு ஓர் அம்மாள் வந்து போனார்.

புது வீட்டில் அளவெடுத்துவிட்டு ஸ்ரீவராகத்து வீட்டுக்குப் போனபோது டீச்சரே என்னோடு பேசினார். நோட்டில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார்.

"எனக்கு இந்த மேடையில ஒரு மூலை மட்டும் போறும். நான் உக்காரணும். இந்தக் கால் மடங்காது, பாத்துக்கோங்கோ. நேரா நீட்டிண்டுதான் உக்காருவேன். அதனால கீழே ஒண்ணும் இருக்கப்படாது. ரெண்டு வருஷமா யாரோ பண்ணிப் போடறதைச் சாப்பிட்டுண்டிருக்கேன். என் கையால ஒரு ரசம் வச்சுக் குடிக்கணும். வேறொண்ணும் கேக்கலை."

"சரி டீச்சர்" என்றேன். படத்தில் அந்த மூலையில் இரண்டரை அடி அகலத்துக்குக் காலியாக விட்டேன். பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அடுப்பு. டீச்சர் படத்தைப் பார்த்தார், காலி இடத்தில் விரலை வைத்து அளந்தார், சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். பிறகு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

வேலை பாதி நடக்கும்போது வீட்டுக்கார சார் சைட்டுக்கு வந்தார். டீச்சர் வரவில்லை, அந்த மண்ணிலும் ஜல்லியிலும் கைத்தடியை ஊன்றி அவர் எப்படி வருவார். சார் அந்தக் காலி மூலையைக் குனிந்து பார்த்தார்.

"இத்தனை இடம் சும்மா கெடக்கே. இங்க மூணு டிராயர் போட்டுடலாமே. ஸ்டோரேஜ் வேஸ்ட் ஆகப்படாது."

"டீச்சர் காலுக்குன்னு விட்டது சார்."

"மேலே கல்லைக் கொஞ்சம் வெளியே தள்ளி விடுங்கோ. அது போறும் அவளுக்கு. அப்புறம், துபாய்லேர்ந்து என் தம்பி நாலு ஸ்டூல் அனுப்பறான். இம்போர்ட்டட். அதைத்தான் போடப்போறோம்."

நான் தலையாட்டினேன். காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர் அவர், சைட்டுக்கு வருகிறவர் அவர், போனில் பேசுகிறவரும் அவர். வீட்டுக்காரர் என்றால் அவர்தான் என்று என் புத்தியில் எழுதி வைத்திருந்தது. சார் போன பிறகு குழித்துறைக்கார ஆசாரி உளியைக் கீழே வைத்தார். என்னோடு ஏழெட்டு வருஷம் வேலை செய்தவர். அதிகம் பேச மாட்டார்.

"அண்ணே, அந்த டீச்சரம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டா என்ன?"

"சார் சொல்லிட்டாருல்லா. பெறவு என்ன கேக்கதுக்கு? நீரு அடிச்சு முடியும்" என்று கத்தினேன்.

அவர் உளியை எடுத்தார். டிராயர் அடித்தார். நன்றாகவே அடித்தார், அவருக்கு மட்டமாக வேலை செய்யத் தெரியாது. கல்லை ஆறு அங்குலம் வெளியே தள்ளி வைத்தோம். மேடை முப்பத்துநாலு அங்குல உயரம். துபாய் ஸ்டூல்கள் கடைசி வாரத்தில் வந்தன. பளபளவென்று ஸ்டீல் கால், மேலே கறுப்பு மெத்தை, அதன் மேல் பிளாஸ்டிக் உறை. வரிசையாக நிறுத்தி வைத்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஸ்டூலை யாரும் அளக்கவில்லை. ஸ்டூல் நம் வேலையில் சேராது, கஸ்டமர் வாங்கியது. உட்கார்ந்து பார்ப்பது என்கிற நினைப்பே யாருக்கும் வரவில்லை. அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் ஒரு விரல்ரேகை படாமல் பார்த்துக்கொண்டோம்.

வீட்டை ஒப்படைப்பதற்கு முந்தின நாள் நான் எப்போதும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பேன். அன்றைக்கும் போனேன். தேங்காயை ஓங்கி அடித்துவிட்டு, சட்டையில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அங்கிருந்து ஸ்ரீவராகம் எவ்வளவு தூரம்? நடந்தே போகலாம். போய், டீச்சர், இப்படி ஒரு மாற்றம் செய்திருக்கிறோம், ஒரு தடவை வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த நினைப்பு வந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். நாளைக்குத்தான் பார்க்கப் போகிறாரே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் கிரகப்பிரவேசம். ஹோமம் முடிந்து, பால் பொங்கி, எல்லாரும் இலையில் உட்காரப் போகிற நேரம். டீச்சர் பட்டுப்புடவையில், தடியை ஊன்றி மெதுவாகச் சமையலறைக்குள் வந்தார். பின்னால் பத்துப் பெண்கள். நானும் ஆசாரியும் ஓரமாகக் கையைக் கட்டி நின்றோம். சார் தன் கையாலேயே ஸ்டூலின் உறையைப் பிரித்தார். "உன் இடம், உக்காரு" என்றார். அவருக்கும் அன்று சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது.

டீச்சர் குட்டையான பெண்பிள்ளை. அந்த ஸ்டூல் அவருக்கு இடுப்பு உயரம். மேடையில் ஒரு கையை ஊன்றி, இடது காலை ஸ்டூலின் குறுக்குக் கம்பியில் வைத்து, எம்பி ஏறினார். ஏறிவிட்டார். பெண்கள் சிரித்துக் கைதட்டினார்கள். அவர் மேடைப் பக்கம் திரும்பி, வலது காலை உள்ளே நீட்டினார். உள்ளே நீட்ட இடம் எங்கே இருக்கிறது? குதிகால் டிராயர் பலகையில் மோதியது. தொடை கல்லுக்கடியில் இடித்தது. மடங்காத கால், போக வழியில்லாமல், அவரையே பின்னால் தள்ளியது. ஸ்டூல் சாய்ந்தது. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், என் கை கட்டியபடியே இருக்கிறது. ஸ்டூலோடு மல்லாக்க விழுந்தார்.

அந்தச் சத்தத்தை நான் சொல்ல மாட்டேன்.

ஒருத்தரும் அசையவில்லை. கம்பி வைத்த காலாயிற்றே, போயிற்றா, உடைந்ததா என்றுதான் எனக்கு நினைப்பு. டீச்சர் அழவில்லை. தரையில் கிடந்தபடியே தலையைத் திருப்பி மேடைக்கு அடியில் பார்த்தார். கீழே இருந்து பார்த்தால் அந்த மூன்று டிராயரும் நன்றாகத் தெரியும். பிறகு என்னைத் தேடிப் பார்த்தார்.

"இங்க எடம் விடறேன்னு சொன்னேளே."

அவ்வளவுதான் சொன்னார். அறைந்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். தெய்வம் காப்பாற்றியது, கம்பி நகரவில்லை. இடுப்பில் அடி, முழங்கையில் நாலு தையல். நான் வராந்தாவில் சாயங்காலம் வரை நின்றேன். எங்கள் மலையாளி முதலாளி போனில், "ஸ்டூல் அவங்களோடது. டிராயர் அவங்க கேட்டது. நீ ஒண்ணும் பேசண்டா கேட்டோ" என்றார். முதலாளி சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இப்படி ஒவ்வொரு வார்த்தையும் சரியாக இருந்து, ஒரு பெண் தரையில் விழுந்து கிடக்கிறாளே என்று.

நாலு நாள் கழித்து டீச்சரே கூப்பிட்டு அனுப்பினார். போனேன், ஆசாரியும் கூட வந்தார். சமையலறையில் சாதாரண நாற்காலியில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். சார் பக்கத்தில் நின்றார்.

"படத்துல இருந்ததை ஏன் மாத்தினேள்?" என்றார் டீச்சர்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள், இது உங்களுக்கும் வரும். சார் தரையைப் பார்க்கிறார். சார் சொன்னார் என்று நான் சொல்லிவிட்டால் தப்பித்தேன். முதலாளிக்கும் சந்தோஷம். சொல்லாமல் பழியை ஏற்றுக்கொண்டால் கம்பெனி என்னைக் கடித்துத் துப்பிவிடும். இரண்டு நொடி இருந்திருக்குமா? இரண்டு நொடிதான். அதற்குள் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. டிராயர் கேட்டது சார்தான். ஆனால் அந்தக் காலுக்கு இடம் விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தது சார் இல்லை, நான்.

"சார் டிராயர் கேட்டார் டீச்சர். கேட்டதுல தப்பில்ல. உங்ககிட்ட வந்து சொல்லாதது என் தப்பு. பழவங்காடி வரைக்கும் வந்தேன், உங்க வீட்டுக்கு வரல."

சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டீச்சர் துபாய் ஸ்டூலைத் தடியால் காட்டினார்.

"உக்காருங்கோ."

"இருக்கட்டும் டீச்சர்."

"உக்காருங்கோன்னு சொன்னேன்."

கணக்கு டீச்சர் குரல். முப்பது பிள்ளைகளை அடக்குகிற குரல். நான் செருப்பில்லாத காலைத் துடைத்துக்கொண்டு, கூச்சத்தோடு ஏறினேன். துபாய் மெத்தை சில்லென்று இருந்தது. மேடைப் பக்கம் திரும்பினேன். தொடை உள்ளே போகவில்லை. எனக்கு இரண்டு காலும் மடங்கும், நான் அப்போது ஒல்லி, அப்படியும் போகவில்லை. முழங்கால் இரண்டும் டிராயர் பிடியில் முட்டியது. விலகி உட்கார்ந்தால் கை கல்லுக்கு எட்டவில்லை. எட்டக் குனிந்தால் முதுகு வளைந்து, முகம் கிரானைட்டில் தெரிகிறது. அளந்து பார்த்தோம். ஸ்டூல் முப்பது அங்குலம். மேடை முப்பத்துநாலு. நடுவில் நாலு அங்குலம், அதிலும் கல்லின் கனம் போக மிச்சத்தில் ஒரு மனுஷத் தொடை நுழைய வேண்டும்.

"வலது காலை மடக்காம வச்சுண்டு உக்காருங்கோ இப்போ."

முயற்சி செய்தேன். ஸ்டூல் பின்னால் சரிந்தது. ஆசாரி பிடித்துக்கொண்டார்.

நான் இறங்கவில்லை. இறங்கத் தோன்றவில்லை. அந்த ஸ்டூலில் இருந்தபடியே எனக்கு உறைத்தது, பதினொரு வருஷத்தில் நான் செய்த ஒரு ஐலண்டிலும் ஒரு தடவைகூட உட்கார்ந்தது இல்லை. என் வீட்டில் நாங்கள் தரையில் பாய் போட்டுச் சாப்பிடுகிறவர்கள். உயரமான மேடையில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்தவன் இல்லை நான். பத்திரிகைப் படத்தைப் பார்த்து மேடை செய்திருக்கிறேன். படத்தில் எந்த ஸ்டூலிலும் ஆள் இல்லை. எத்தனை வீடு? எத்தனை மேடை?

அந்த வாரமே பழைய வீடுகளுக்குப் போனேன். சர்வீஸ் என்று பொய் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு வீட்டில் ஸ்டூல்களின் மேல் பழைய பேப்பர்க் கட்டு. இன்னொரு வீட்டில் ஸ்டூல் மொட்டைமாடியில், அதன் மேல் செடித்தொட்டி வைத்திருந்தார்கள். இந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும், முன்னால் காட்டுவதற்கு ஒரு கிச்சன், நிஜமான சமையல் பின்னால் வர்க் ஏரியாவில். அதனால் ஒருத்தரும் புகார் சொல்லவில்லை. மூன்றாவது, சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்கிற நம்ம ஊர்க்காரர் வீடு. அந்த வீட்டு அக்கா எனக்கு மோர் கொடுத்தார். ஸ்டூல் எங்கே என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்:

"கட்டிலுக்கு அடியில கெடக்கு அண்ணாச்சி. நான் தடிச்சவல்லா. எனக்குத் தொட பெருசு, அதான் உள்ள போவலன்னு நெனச்சேன். மத்தவுகளுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

அஞ்சு வருஷமாக அந்த அக்கா தன் உடம்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் செய்த மேடைக்காக. மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். உங்கள் தொடை இல்லை அக்கா, என் கணக்கு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

வட்டியூர்க்காவு வீட்டில் மூன்று டிராயரையும் பிடுங்கினோம். முதலாளி கத்தினார், என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன், அதோடு வாயை மூடினார். கல் தொங்கிவிடாமல் அடியில் இரும்புப் பட்டை கொடுத்தோம். ஆசாரி பலா மரத்தில் ஒரு ஸ்டூல் செய்தார், இருபத்துமூன்று அங்குலம், முதுகு சாய, கால்கள் அகலமாக. டீச்சரை ஹாலில் நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பிலிருந்து குதிகால் வரை டேப் பிடித்து அளந்துதான் அந்த உயரம். முதல் படம் போடும்போதே எடுத்திருக்க வேண்டிய அளவு அது.

டீச்சரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். ஆசாரியின் மரஸ்கேலை என் வலது காலின் பின்னால் வைத்து, துண்டால் இறுக்கிக் கட்டச் சொன்னேன், முழங்கால் மடங்காதபடி. அப்படியே நொண்டி நொண்டிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வலது காலை நீட்டினேன். போயிற்று. முட்டாமல், இடிக்காமல், குதிகால் உள்ளே தரையில் போய் உட்கார்ந்தது. இரண்டு கையையும் கல்லில் வைத்தேன். முதுகு நேராக இருந்தது. கால் மணி நேரம் அப்படியே இருந்தேன். ஆசாரி முதல் தடவையாகச் சிரித்தார். "அண்ணே, பாத்தா பொம்மலாட்டம் மாதிரி இருக்கு" என்றார். கேலி செய்யட்டும். டிராயர் அடித்த அன்றைக்கு அவர் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லிக் காட்டவே இல்லை, கடைசிவரை.

பிறகு டீச்சர் வந்தார். ஸ்டூலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். விழுந்த இடம் அதுதானே. பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. அவர் என் காலைப் பார்த்தார், துண்டும் ஸ்கேலும் இன்னும் கட்டியபடியே இருந்தது.

"நீங்க உக்காந்து பாத்தேளா?"

"கால் மணி நேரம் டீச்சர்."

மேடையைப் பிடித்து, மெதுவாக உட்கார்ந்தார். வலது காலை ஒவ்வொரு அங்குலமாக உள்ளே விட்டார், பாம்புப் புற்றில் விடுகிற மாதிரி. எங்கேயும் முட்டவில்லை. முட்டவில்லை என்று தெரிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி ஒரு தக்காளியை எடுத்தார். கத்தியை எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் சாமான்களைச் சத்தமில்லாமல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். புளி கரைத்தார், அடுப்பைப் பற்ற வைத்தார். பத்து நிமிஷம் தாண்டிற்று. அரை மணி தாண்டிற்று. சமையலறை முழுக்கப் பெருங்காய வாசனை.

ஹாலிலிருந்து சார் குரல் வந்தது. "இங்க கொஞ்சம் வாயேன், இந்தப் பேப்பரைப் பாரு."

டீச்சர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"நான் உக்காந்துண்டிருக்கேன்" என்றார். "நீங்க வாங்கோ."

சார் பேப்பரோடு வந்தார். துபாய் ஸ்டூல்களை நாங்கள் அன்று காலையில்தான் மாடிக்கு ஏற்றியிருந்தோம், அவர் உட்கார அங்கே வேறு ஒன்றும் இல்லை. மேடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பேப்பரை நீட்டினார். டீச்சர் உட்கார்ந்தபடியே வாங்கிப் படித்தார்.